முதல் இலையுதிர் காலம்: வீட்டிலேயே தொடங்க ஒரு வழிகாட்டி

இலையுதிர் காலத்தை முதன்முறையாகப் பார்ப்பவர்கள் மரங்களைத்தான் பார்ப்பார்கள். வீட்டுக்குள் நடக்கும் மாற்றம் கொஞ்சம் தாமதமாகத்தான் புரியும். போன வாரம் பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்த அதே நேரத்துக்கு இந்த வாரம் விளக்குப் போட வேண்டியிருக்கும். சமையலறை ஜன்னலில் இருட்டு வந்து நிற்கும்.

இலையுதிர் காலத்தில், வட அரைக்கோளத்தில் செப்டம்பர் 22, 23 வாக்கிலும், தென் அரைக்கோளத்தில் மார்ச் 20, 21 வாக்கிலும் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகின்றன. அந்தச் சில வாரங்களில்தான் பகல் மிக வேகமாகக் குறைகிறது. 40 டிகிரி அட்சரேகையில் நாளுக்கு 2.5 நிமிடத்துக்கு மேல், 50 டிகிரியில் 3.5 நிமிடத்துக்கு மேல். அதாவது 50 டிகிரியில் இருப்பவர்களுக்கு ஒரே வாரத்தில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான பகல் போய்விடும். முதல் வருடம் பலருக்கு இதனால் மனசு சோர்ந்துவிடுகிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. அப்புறம் ஒன்று புரிந்தது: சீக்கிரம் வரும் இந்த இருட்டுதான் ஆளுக்கொரு பக்கம் இருக்கும் குடும்பத்தை ஒரே மேசைக்குக் கூட்டி வருகிறது. அந்த மேசையில் கையால் செய்ய ஏதாவது ஒரு வேலை இருந்தால் போதும், இந்தப் பருவம் இனிக்கத் தொடங்கிவிடும். அந்த வேலைகளை எப்படித் தொடங்குவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே இருப்பதை எல்லாம் ஒரே மாதத்தில் செய்து பார்க்க வேண்டாம். வாரத்துக்கு ஒன்று போதும். அலங்காரப் பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

முதலில் விளக்கு

குளிர்ந்த வெள்ளை வெளிச்சத்தில் யாரும் நிம்மதியாக உட்கார்ந்திருக்க மாட்டார்கள். எல்லோரும் கூடும் இடத்தில் மட்டும் மஞ்சள் சாயல் கொண்ட பல்பு ஒன்றைப் போடுங்கள். பெட்டியில் 2700 கெல்வின் என்று இருந்தால் அது சரியான பல்பு. கூரை விளக்கை அணைத்துவிட்டு, மேசைக்குப் பக்கத்தில் தாழ்வாக ஒரே ஒரு விளக்கு எரியட்டும். வெளிச்சம் எவ்வளவு தூரம் விழுகிறதோ அந்த வட்டத்துக்குள் எல்லோரும் தாங்களாகவே வந்து சேர்வார்கள். இதை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

மெழுகுவர்த்தி ஏற்றுவதாக இருந்தால் திரியை 6 மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டிவிட்டு ஏற்றுங்கள். நீளமான திரி புகையும். கண்ணாடிக் குவளையில் இருக்கும் மெழுகுவர்த்தியை முதல் தடவை ஏற்றும்போது, மேல் மெழுகு விளிம்பு வரை உருகும்வரை எரியவிடுங்கள். பாதியில் அணைத்தால் நடுவில் மட்டும் குழி விழும். ஆள் இல்லாத அறையில் எரிய விடாதீர்கள். வீட்டில் விறகு அடுப்போ கணப்போ இருந்தால், காற்றில் கலக்கும் கார்பன் மோனாக்சைடை அறிந்து ஒலிக்கும் கருவி கட்டாயம் வேண்டும். அந்த விஷ வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. விறகும் நன்றாகக் காய்ந்ததாக, 20 சதவீதத்துக்கும் குறைவான ஈரத்துடன் இருக்க வேண்டும். பச்சை விறகு சூடு தராமல் புகையை மட்டும் தரும்.

இலைகளைத் தேடி ஒரு நடை

காலைப் பனி காய்ந்த பிறகு, மதியத்துக்கு முன்னால் கிளம்புங்கள். ஈர இலை பையில் போட்டதும் கறுக்கத் தொடங்கும். ஆளுக்கொரு துணிப்பை. ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: ஒருவருக்கு 10 இலை. எண்ணிக்கை இருந்தால் பிள்ளைகள் குனிந்து, புரட்டிப் பார்த்து, ஒன்றை வைத்து ஒன்றை எடுப்பார்கள். கணக்கில்லாமல் அள்ளினால் எதையும் பார்க்க மாட்டார்கள்.

நடக்கும்போது கேள்வி வரும்: பச்சை எங்கே போச்சு? பதிலைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பகல் குறைந்து குளிர் கூடும்போது மரம் இலையில் பச்சையம் செய்வதை நிறுத்துகிறது. இருக்கும் பச்சையமும் சிதைந்து போகிறது. மஞ்சள் நிறமி கோடை முழுக்க இலைக்குள்ளேயேதான் இருந்தது, பச்சை மறைத்துக்கொண்டிருந்தது. சிவப்பின் கதை வேறு. ஆந்தோசயனின் என்ற அந்த நிறமியை இலை இந்தப் பருவத்தில்தான் புதிதாகச் செய்கிறது. பகலில் நல்ல வெயில், இரவில் உறையாத அளவுக்குக் குளிர் என்று சில நாட்கள் சேர்ந்து வந்தால் சிவப்பு நன்றாக ஏறும். அதே நேரத்தில் காம்பின் அடியில் தக்கை போல ஒரு அடுக்கு வளர்ந்து, இலையைக் கிளையிலிருந்து பிரித்துவிடுகிறது. ஆக, காற்று இலையைப் பிடுங்குவதில்லை. மரம் ஏற்கெனவே கையை விட்டுவிட்டது. இதைச் சொன்ன அன்று எங்கள் வீட்டுச் சின்னவன் ஒரு மரத்தடியில் அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றான். காற்றே இல்லாமல் ஓர் இலை விழுந்ததும், 'இப்ப விட்டுடுச்சு' என்றான்.

வீட்டுக்கு வந்ததும் அன்றே இலைகளை அழுத்தி வைக்க வேண்டும். மறுநாள் என்றால் சுருண்டுவிடும். மை உறிஞ்சும் காகிதம் அல்லது செய்தித்தாள் இரண்டு தாளுக்கு நடுவே, ஒன்றின் மேல் ஒன்று படாமல் இலைகளைப் பரப்புங்கள். மேலே கனமான புத்தகங்கள். 2 நாள் கழித்துக் காகிதத்தை மட்டும் மாற்றுங்கள். ஒன்று முதல் இரண்டு வாரத்தில் காய்ந்துவிடும்.

நிறம் இன்னும் கொஞ்ச நாள் நிற்க வேண்டும் என்றால் தேன்மெழுகில் முக்கலாம். அது 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும், ஆகவே நேரடித் தீ வேண்டாம். கொதிக்கும் நீர் உள்ள பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து அதில் உருக்குங்கள். பெரியவர் ஒருவர் இலையைக் காம்பில் பிடித்து, ஒரே முக்கு முக்கி எடுத்து, சொட்டு வடிந்ததும் எண்ணெய் ஒட்டாக் காகிதத்தில் வைக்கட்டும். பழைய பாத்திரம் எடுங்கள், மெழுகு லேசில் போகாது.

முற்றத்தில் விழும் இலைகளை எரிக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். ஒரு சாக்கில் அடைத்து, தண்ணீர் தெளித்து, அங்கங்கே ஓட்டை போட்டு ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். 1 முதல் 2 வருடத்தில் பூஞ்சைகள் அதைக் கறுப்பான, பொலபொலப்பான இலைமக்காக மாற்றிவிடும். உரச்சத்து பெரிதாக இருக்காது, ஆனால் மண்ணின் ஈரத்தைப் பிடித்து வைக்க அதைப் போல ஒன்று இல்லை.

ஆப்பிள் கூழ்

இந்தப் பருவத்தில் ஆப்பிள் நிறையக் கிடைக்கும். அடிபட்டது, கோணலாக இருப்பது எல்லாம் கூழுக்குச் சரிதான். அடிபட்ட இடத்தை வெட்டி எறிந்தால் போதும். புளிப்பு ரகமும் இனிப்பு ரகமும் பாதிக்குப் பாதி கலந்தால் சர்க்கரை தேவைப்படாது.

1 கிலோ ஆப்பிளைத் தோல் சீவி, நடுப்பகுதியை எடுத்துவிட்டு, எட்டெட்டுத் துண்டாக நறுக்குங்கள். நறுக்க நறுக்கக் கறுக்கும். ஆப்பிளில் உள்ள ஒரு நொதி காற்றோடு சேர்வதால் வரும் நிறம் அது, கெட்டுப்போனதல்ல. எலுமிச்சைச் சாறு கொஞ்சம் பிழிந்தால் மட்டுப்படும். அடிகனமான பாத்திரத்தில் 100 மில்லி தண்ணீர், ஒரு துண்டு பட்டை, மூடி போட்டுச் சிறுதீயில் 20 நிமிடம். நடுவில் இரண்டு தடவை கிளறினால் போதும். மத்தால் கடையலாம், கரண்டியால் மசிக்கலாம். நான் கரண்டிதான். அங்கங்கே துண்டு தட்டுப்பட வேண்டும் எனக்கு. சர்க்கரையைக் கடைசியில், ருசி பார்த்த பிறகு, தேவைப்பட்டால் மட்டும் சேருங்கள்.

இந்த வேலையில் எல்லா வயதுக்கும் இடம் உண்டு. 5 வயதுப் பிள்ளை கழுவும், 9 வயது சீவும், பாட்டியோ தாத்தாவோ இருந்தால் நறுக்குவார்கள். தோலை அறுந்து போகாமல் ஒரே நீளமாக யார் சீவுவது என்று போட்டி தானாகவே வரும். பாத்திரம் கொதிக்கும்போது வீடு முழுக்கப் பரவும் அந்த மணத்துக்காகவே நான் இதை வாரா வாரம் செய்வேன்.

குளிர்பெட்டியில் ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம், உறைநிலைப் பெட்டியில் பல மாதம். புட்டியில் அடைத்து அலமாரியில் வைக்கும் முறையை முதல் வருடம் முயல வேண்டாம். அதற்குச் சோதித்த அளவுகளும் கொதிநேரமும் உண்டு, பிறகு நிதானமாகக் கற்றுக்கொள்ளலாம். பூசணிக் கூழை மட்டும் எந்த வருடமும் வீட்டில் புட்டியில் அடைக்காதீர்கள். புளிப்பில்லாத கெட்டிக் கூழின் நடுப்பகுதிவரை வெப்பம் சரியாகப் போகாது, உயிரைப் பறிக்கும் நச்சுக் கிருமி உள்ளே வளர இடமிருக்கிறது. அதை உறைய வைப்பதுதான் வழி.

ரொட்டி சுடும் ஞாயிறு

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். கோடையில் ஓவனைப் போட்டால் வீடு கொதிக்கும். இப்போதோ ஓவன் சூடே ஒரு வரம்.

தேவையானவை: மைதா 400 கிராம், முழுக்கோதுமை மாவு 100 கிராம், தண்ணீர் 330 மில்லி, உப்பு 10 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம். கப்பு கணக்கு வேண்டாம், தராசு வாங்கிவிடுங்கள். விறகு அடுப்பு உள்ளவர்களுக்கான அந்தக் கருவியை விட்டால், இந்த முழுப் பட்டியலிலும் நான் வாங்கச் சொல்லும் பொருள் என்றால் அந்தப் பல்பும் இந்தத் தராசும்தான்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, உலர்ந்த மாவு தெரியாத அளவுக்குப் பிசறி, மூடி 20 நிமிடம் சும்மா விடுங்கள். இந்த 20 நிமிடத்தில் மாவு தண்ணீரைக் குடித்துவிடும், பாதி வேலை முடிந்த மாதிரி. பிறகு 8 முதல் 10 நிமிடம் பிசையுங்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியால் முன்னே தள்ளி, மடித்து, கால்வட்டம் திருப்பி, மறுபடி தள்ள வேண்டும். ஆரம்பத்தில் கையில் பிசுபிசுவென்று ஒட்டும். உடனே மாவைத் தூவிவிடத் தோன்றும், தூவாதீர்கள். 6-வது நிமிடம் வாக்கில் சட்டென்று ஒரு மாற்றம் தெரியும். மாவு கையை விட்டுவிட்டு, காதுமடலைத் தொட்டது போல மெத்தென்று ஆகும். பிள்ளைகள் கையை வைத்து இந்த மாற்றத்தை ஒரு தடவை உணரச் செய்யுங்கள். சொல்லிக் கொடுக்க முடியாத விஷயம் இது.

பாத்திரத்தில் லேசாக எண்ணெய் தடவி, மாவை வைத்து, ஈரத்துணியால் மூடுங்கள். இரண்டு மடங்காக வேண்டும். செய்முறைகளில் ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருக்கும், அது 24, 25 டிகிரி உள்ள சமையலறைக்கான கணக்கு. இந்தப் பருவத்தில் வீடு 18 டிகிரியில் இருந்தால் 2.5, 3 மணி நேரம்கூட ஆகும். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். கடிகாரத்தைப் பார்த்து மாவை எடுத்துவிடுவார்கள், ரொட்டி செங்கல் மாதிரி வரும். மாவைப் பாருங்கள், கடிகாரத்தை மறந்துவிடுங்கள். மெதுவாகப் பொங்கிய மாவுக்கு ருசியும் அதிகம். ஈஸ்ட் இறந்துவிட்டதோ என்று கொதிநீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், 60 டிகிரி சூட்டில் அது நிஜமாகவே இறந்துவிடும்.

பொங்கியதை மெதுவாக அமுக்கி, உருண்டையாக இழுத்துச் சுருட்டி, ஓவன் சூட்டைத் தாங்கும் பேக்கிங் காகிதத்தின் மேல் வைத்து, இன்னொரு முக்கால் மணி நேரம் மூடி வையுங்கள். விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். குழி உடனே நிமிர்ந்தால் இன்னும் நேரம் வேண்டும். மெல்ல, முழுதும் நிமிராமல் வந்தால் தயார். இதற்குள் மூடியோடு கூடிய ஒரு கனமான இரும்புப் பாத்திரத்தை ஓவனில் வைத்து 230 டிகிரிக்குச் சூடேற்றியிருக்க வேண்டும். மாவின் மேல் கத்தியால் ஒரு கீறல் போட்டு, காகிதத்தோடு தூக்கிப் பாத்திரத்தில் இறக்கி மூடுங்கள். மூடியோடு 30 நிமிடம், மூடி இல்லாமல் 12 முதல் 15 நிமிடம். மாவிலிருந்து வரும் நீராவி மூடிக்குள் தங்குவதால் மேல்தோல் சீக்கிரம் இறுகாது, ரொட்டி நன்றாக எழும்பும். அடியில் தட்டினால் டொக் டொக்கென்று உள்ளே வெற்றிடம் இருப்பது போல ஒலிக்க வேண்டும்.

வெளியே எடுத்துக் கம்பித்தட்டில் வைத்ததும் எல்லோரையும் கூப்பிடுங்கள், பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள். ஆறும்போது மேல்தோல் சுருங்கி 'பட், பட்' என்று மெலிதாக வெடிக்கும். எங்கள் வீட்டில் நாலு பேரும் காதைக் கிட்டத்தில் வைத்துக் கேட்போம். அந்த இரண்டு நிமிடம் ஒருவரும் பேச மாட்டோம்.

ஒரு மணி நேரம் ஆறிய பிறகு வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுப்பாக இருக்கும், மாவுச்சத்து இறுக அந்த நேரம் தேவை. கஷ்டம்தான், காத்திருங்கள்.

ரொட்டிக்குத் தோதாக ஒரு சூப்

சின்னப் பூசணி அல்லது பரங்கி ஒன்றைப் பாதியாக வெட்டி, 200 டிகிரியில் முக்கால் மணி நேரம் சுடுங்கள். சதையை வழித்து, வதக்கிய வெங்காயம், பூண்டு, தண்ணீர் சேர்த்து அரைத்துக் கொதிக்கவிட்டால் சூப். அவ்வளவுதான். பச்சையாகத் தோல் சீவி நறுக்குவதை விட இது எத்தனையோ மேல், ருசியும் ஆழமாக இருக்கும். விதைகளைச் சுடுவதற்கு முன்பே எடுத்துக் கழுவி, துணியில் நன்றாகத் துடைத்து, எண்ணெயும் உப்பும் பிசறி 160 டிகிரியில் 20 நிமிடம் வறுத்தால் சாயங்காலத் தீனி ஆயிற்று.

முழுக் காய்களைச் சேமிப்பதாக இருந்தால் காம்போடு இருப்பதாகப் பார்த்து எடுங்கள். காம்பு ஒடிந்த இடத்தில்தான் முதலில் அழுகும். 10 முதல் 15 டிகிரி உள்ள உலர்ந்த இடம் அவற்றுக்குப் பிடிக்கும். உருளைக்கிழங்கு இருட்டில் இருக்கட்டும், வெளிச்சம் பட்டால் பச்சையாகிக் கசக்கும். ஆப்பிள் தனியாக, குளிர்ச்சியாக. அது விடும் எத்திலீன் வாயு பக்கத்தில் இருக்கும் பழங்களையும் பழுக்க வைத்துவிடும். வாரம் ஒரு தடவை கூடையைப் புரட்டிப் பார்த்து, கெட்டதை எடுத்துவிடும் வேலையைப் பிள்ளை ஒன்றிடம் கொடுங்கள். ரொம்பப் பொறுப்பாகச் செய்வார்கள்.

ஊசியும் நூலும், கொஞ்சம் வாசிப்பும்

பெட்டியிலிருந்து கம்பளி உடைகளை வெளியே எடுக்கும் நாளில் ஓட்டை விழுந்ததையும் பட்டன் போனதையும் தனியே ஒரு கூடையில் போட்டு அந்த விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். காலுறையின் குதிகால் ஓட்டையைத் தைக்க, உள்ளே உருண்டையாக ஏதாவது ஒன்றைச் செருகி இழுத்துப் பிடித்து, முதலில் நெடுக்காக நூலோட்டி, அப்புறம் குறுக்கே ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழுமாக நுழைத்து வந்தால் சின்ன நெசவுத் துண்டு ஒன்று அங்கேயே உருவாகிவிடும். நூல் வேறு நிறமாக இருந்தாலும் பரவாயில்லை. எங்கள் மூத்தவள் வேண்டுமென்றே சிவப்பு நூல்தான் கேட்பாள்.

ஒருவர் தைக்க, ஒருவர் சத்தமாக வாசிக்கலாம். 20 நிமிடம் போதும், கதை சுவையான இடத்தில் நிற்கும்போது புத்தகத்தை மூடிவிடுங்கள். கைபேசிகள் வேறு அறையில் இருக்கட்டும். கையில் வேலை இருந்தால் வளர்ந்த பிள்ளைகள்கூட உட்கார்ந்து கேட்பார்கள். முகத்தைப் பார்த்துக் கேட்டால் வராத பேச்சு, கண் ஊசியில் இருக்கும்போது தானாக வரும்.

பூண்டு நடுதல்

மண் உறைவதற்கு 4 முதல் 6 வாரத்துக்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். தோட்டம் இல்லாவிட்டால் 20 சென்டிமீட்டர் ஆழமாவது உள்ள தொட்டி போதும். ஒரு பூண்டை உடைத்து, இருப்பதிலேயே பெரிய பற்களை எடுத்துக்கொள்ளுங்கள். தோலை உரிக்க வேண்டாம். கூர்முனை மேலே பார்க்க, 5 சென்டிமீட்டர் ஆழத்தில், 15 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நடுங்கள். குழிக்கு ஒரு பல் போட்டு மூடும் இந்த வேலை சின்னக் கைகளுக்கென்றே அளவெடுத்தது.

பூண்டுக்குக் குளிர் தேவை. சில வாரங்கள் நல்ல குளிர் பட்டால்தான் அது பற்களாகப் பிரியும், இல்லாவிட்டால் ஒற்றை உருண்டையாகவே நின்றுவிடும். அதனால் தொட்டியை உள்ளே கொண்டு வந்துவிடாதீர்கள். பெருக்கிச் சேர்த்த இலைகளை மேலே ஒரு சாண் உயரத்துக்குப் போட்டு, காற்றில் பறக்காமல் இரண்டு குச்சிகளைக் குறுக்கே வையுங்கள். நட்ட தேதியை ஒரு குச்சியில் எழுதி ஓரத்தில் செருகுங்கள். குளிர் முடியும்வரை அங்கே வேறு வேலை இல்லை. அடுத்த கோடையில் செடியின் அடி இலைகள் மஞ்சளாகும்போது தோண்டி எடுக்கலாம். அதில் மிகப் பெரிய பூண்டைச் சமைத்துவிடாமல் எடுத்து வையுங்கள், அடுத்த நடவுக்கு அதுதான் விதை.